அண்ணன் பெயரில் ஓர் 'அருள் நிறைந்த மரியே'

வேளாங்கண்ணிக்குத் திருவிழா நாட்களில் போவது எனக்கு ஒத்துவராது. ஆகஸ்ட் 29-ல் கொடி ஏறினால் செப்டம்பர் 8 வரை, காவி உடுத்திய பாதயாத்திரைக் கூட்டத்தில் மாதாவை எட்டிப் பார்ப்பதே பெரும்பாடு. அதனால் சாதாரண வாரநாள் ஒன்றில் போனேன். குறிப்பிட்ட வேண்டுதல் எதுவும் இல்லை. அண்ணன் மேல் தீராத கோபம் ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசி மாதங்களில் அண்ணன் எட்டிப் பார்க்கவில்லை. அடக்கத்துக்கு வந்தார், அழுதார், அன்று இரவே கிளம்பிவிட்டார். அதிலிருந்து ஜெபமாலையைக் கையில் எடுத்தால் பாதியில் அவரோடு சண்டை தொடங்கிவிடும். அவர் பேசவேண்டியதையும் நானே பேசி, கடைசியில் நானே ஜெயிப்பேன்.

பேராலயத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு மாதா குளத்துப் பக்கம் நடந்தேன். பால் கொண்டுபோன சிறுவனுக்கு மாதா காட்சி கொடுத்ததாகச் சொல்லப்படும் இடம் அது. அங்கே போகும் மணல் பாதையில் பலர் முழங்காலில் போவார்கள். என் முன்னால் ஓர் அம்மா போய்க்கொண்டிருந்தார். முழங்கால் இரண்டிலும் பழைய சேலைத் துணியைக் கிழித்துச் சுற்றியிருந்தார். ஒரு துணி அவிழ்ந்து மணலில் இழுபட, நின்று அதை முடிய முயன்றார். விரல்களில் ஜெபமாலை சுற்றிக் கிடந்ததால் முடியவில்லை. குனிந்து நான் கட்டிவிட்டேன்.

"நேர்ச்சையாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல தம்பி. கேட்டது கிடைக்கல. பையன் பொழைக்கணும்னுதான் வேண்டுனேன், போயிட்டான். மாதா மேல கோவிச்சுக்கிட்டு இந்தப் பக்கமே வராம இருந்தேன். அப்புறம் யோசிச்சேன், அவளும் பிள்ளையப் பறிகொடுத்தவதானே. அவகிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்ல?"

சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து மணியை உருட்டத் தொடங்கிவிட்டார். எனக்குத்தான் அடுத்த அடி வைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

காணிக்கைப் பொருட்கள் வைத்திருக்கும் இடத்தையும் பார்த்தேன். கை, கால், கண், வீடு, தொட்டில் என்று நன்றிக்காகக் கொடுத்த உருவங்கள். குணமான காலுக்கு வெள்ளிக் கால் செய்து போடலாம். கோபம் தீர்ந்தால் எந்த உருவத்தைச் செய்து போடுவது?

சரி, வந்ததற்கு ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனமாவது செய்வோம் என்று வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் அம்மாவின் படுக்கையில் தொடங்கி அண்ணன் ஊருக்குக் கிளம்பியது வரை கொட்டித் தீர்த்தேன். ஃபாதர் இடையில் பேசவே இல்லை. முடித்ததும், "இதெல்லாம் உங்க அண்ணன் வந்து சொல்லவேண்டியது. நீங்க உங்களோடதச் சொல்லுங்க" என்றார். சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. அவர் கொடுத்த பரிகாரம் சின்னது: தினமும் அண்ணன் பெயரைச் சொல்லி, மாதாவை நோக்கிச் சொல்லும் 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் ஒன்று. "மனசு வராட்டியும் சொல்லுங்க. மனசு பின்னாடி வரும்."

'பெருஞ்சுமை சுமந்து சோர்ந்திருப்பவர்களே, எல்லாரும் என்னிடம் வாருங்கள்' என்ற மத்தேயு 11:28-ஐச் சிறுவயதிலிருந்தே மனப்பாடமாகச் சொல்லி வந்திருக்கிறேன். அதற்கு அடுத்த வசனத்திலேயே இயேசு தம் நுகத்தை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. சுமையை இறக்கிவிட்டுக் கைவீசிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அண்ணனுக்காக ஜெபிப்பதுதான் எனக்கு வந்த நுகம் போலும்.

அன்றைக்கு அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. திரும்பும் வழியில் நாகப்பட்டினத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதே பழைய கோபம் தலைகாட்டியது. அங்கேயே நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு முதல் ஜெபத்தைச் சொன்னேன். முதல் நாட்களில் அண்ணன் பெயர் தொண்டையில் சிக்கும். இப்போது ஜெபம் முடிந்தபின் சில நாள் அவர் மூட்டு வலிக்கும் சேர்த்து வேண்டிக்கொள்கிறேன். அவர் வராததற்கு நியாயம் ஏதும் எனக்கு இன்னும் தெரியவில்லை. கேட்கவேண்டும் என்ற அரிப்பு மட்டும் குறைந்திருக்கிறது.

அம்மாவின் நினைவுத் திருப்பலிப் பூசைக்குத் தேதி கொடுத்ததும் அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன். "பார்க்கிறேன்" என்றார். முன்பென்றால் அந்த ஒரு வார்த்தையை வைத்தே ஒரு வாரம் சண்டை போட்டிருப்பேன்.