மானிப்பாய் கிறீன் வைத்தியரும் தமிழில் எழுந்த மருத்துவமும்

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைக் கல்லூரி வளவில் படித்த நம்மில் கிறீன் வைத்தியரின் பெயரைக் கேளாதவர் இல்லை. "தமிழில் மேலைத்தேய மருத்துவம் கற்பித்தவர்" என்று பரிசளிப்பு விழாக்களில் ஒரு வரி சொல்வார்கள். அத்தோடு பேச்சு வேறு பக்கம் போய்விடும். அந்த வேலை எப்படி நடந்தது என்பதுதான் புலம்பெயர்ந்த நாடுகளில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டியது.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில், வூஸ்ரர் நகரில் பிறந்தவர். 1845இல் நியூயோர்க்கில் மருத்துவம் முடித்து, அமெரிக்க மிஷன் சங்கத்தின் ஊழியராக 1847 ஒக்ரோபரில் வட்டுக்கோட்டைக்கு வந்தார். அவருக்கு முன்பே பண்டத்தரிப்பில் ஸ்கடர் வைத்தியரும் வட்டுக்கோட்டையில் வாட் வைத்தியரும் பணி செய்திருந்தார்கள். கிறீன் 1848இல் மானிப்பாய்க்கு மாறினார். 1850இல் யாழ்ப்பாணப் பட்டினத்தில் அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால் எழுந்த வைத்தியசாலையிலும் அவருடைய கை இருந்தது.

ஒரு குடாநாட்டுக்கு ஒரு வைத்தியர் போதாது. அவர் களைத்தாலோ காய்ச்சலில் விழுந்தாலோ எல்லாம் நின்றுவிடும். ஆகவே மானிப்பாய்க்கு வந்த ஆண்டிலேயே ஒரு சில மாணவர்களோடு ஆங்கிலத்தில் வகுப்பைத் தொடங்கினார். படிப்பு நன்றாகவே நடந்தது. பலன்தான் ஊருக்குக் கிடைக்கவில்லை. ஆங்கிலம் படித்த வைத்தியனுக்கு அரசாங்க உத்தியோகமும் வெளியூர்ச் சம்பளமும் காத்திருந்தன. கிராமத்துக்கென்று உருவாக்கியவர்கள் கிராமத்தில் தங்கவில்லை. இதைக் கண்டுதான், 1862இல் விடுமுறை முடிந்து மனைவியோடு திரும்பியவர், 1864இலிருந்து தமிழிலேயே கற்பித்தார். அவரிடம் பயின்ற அறுபதுக்கும் மேற்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழில் படித்தவர்கள்.

தமிழில் கற்பிக்கத் தமிழில் நூல் வேண்டும். உடற்கூறும் உடற்றொழிலும் சுகாதாரமும் சேர்ந்த கற்றரின் பாடநூலை 1852இலேயே தமிழில் தந்திருந்தார். 1857இல் மோன்செலின் நூல் 'பிரசவ வைத்தியம்' ஆனது. 1867இல் துருவிற்றின் அறுவை நூல் 'இரண வைத்தியம்' என வந்தது. 1872இல் கிறேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' ஆயிற்று. மூலநூல் இலண்டனில் வெளிவந்தது 1858இல். பதினான்கு ஆண்டுக்குள் அது மானிப்பாய் மாணவன் கையில் தமிழில் இருந்தது என்பதை நாம் இன்னும் போதிய அளவு கொண்டாடவில்லை. எல்லாம் சேர்த்தால் நாலாயிரம் பக்கங்களுக்கு மேல்.

டான்போர்த், சாப்மன், சுவாமிநாதன் போன்ற அவருடைய மாணவர்களே மொழிபெயர்ப்பில் பெரும்பங்கு எடுத்தார்கள். கிறீன் பார்த்துத் திருத்தினார். பலர் கை பட்ட வேலையில் வரும் இடர் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஒரே நரம்புக்கு ஓர் அத்தியாயத்தில் ஒரு பெயர், அடுத்ததில் இன்னொரு பெயர் என்று வந்தால் மாணவன் இரண்டு நரம்பு என்று எண்ணிவிடுவான். மருத்துவத்தில் அது கத்தி பிடிக்கும்போது உயிருக்கே ஆபத்து. அதனால் சொல்லுக்கு ஓர் ஒழுங்கு வைத்தார். முதலில் தமிழில் தேடு, இல்லையென்றால் சமஸ்கிருதத்தில், அங்கும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுது. உடற்கூற்றுக்கு நாட்டு வைத்திய ஏடுகளில் ஏற்கெனவே வழங்கிய 'அங்காதிபாதம்' அப்படியே நின்றது. இரசாயனத்துக்கோ 'கெமிஸ்தம்' என்று ஆங்கிலச் சொல்லுக்கே தமிழ் ஈறு கொடுத்தார்கள். கலைச்சொல் தொகுதிகளும் பின்னர் அச்சாயின.

அவர் காலத்து மருத்துவத்துக்கு எட்டாத இடங்களும் இருந்தன. வாந்திபேதி (கொலரா) யாழ்ப்பாணத்தைத் திரும்பத் திரும்பத் தாக்கியது. இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்வதே உயிர் காக்கும் என்பது அன்று நடைமுறையில் இல்லை. அபினும் இரசமருந்தும்தான் உலகெங்கும் கொடுத்தார்கள். அதன் நோய்க்கிருமியை ஜெர்மன் வைத்தியர் கொக் பிரித்தறிந்ததே 1883-84இல்தான். யாழ்ப்பாணத்தில் இன்னொரு வில்லங்கம்: நிலத்தடியில் சுண்ணாம்புக்கல். வெடிப்பும் துவாரமும் நிறைந்த கல்லினூடே அழுக்கு வடிபடாமல் கிணற்றுக்குப் போய்விடும். மண் தரையில் நடக்கும் இயற்கை வடிகட்டல் இங்கே மிகக் குறைவு. சுகாதாரத்தைத் தமிழில் எழுத அவர் எடுத்த முயற்சி எவ்வளவு அவசியமானது என்பது இதிலிருந்து விளங்கும்.

கிறிஸ்தவனானால் வேட்டியையும் ஊர் வழக்கத்தையும் விடவேண்டும் என்பதை அவர் ஏற்கவில்லை. மிஷனரிமார் எல்லோரும் அவரைப் போல எண்ணவில்லை. ஆகையால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உடல்நலம் கெட்டு 1873இல் வூஸ்ரர் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் நூல் வேலையை விடவில்லை. 'கெமிஸ்தம்' வெளிவந்தது 1875இல். 1884இல் இறந்தார். அங்குள்ள கல்லறையில் அவரைத் தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்றே பொறித்திருக்கிறார்கள். தமிழ்வழி வகுப்பு அவருக்குப் பின் நீடிக்கவில்லை. 1870இல் கொழும்பில் ஆங்கிலவழி மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. உத்தியோகமும் அந்த வழியே போயிற்று.

அந்த நூல்களின் பிரதிகள் பழைய குடும்பங்களின் பெட்டகங்களில் இன்னும் இருக்கலாம். இருந்தால், ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். அதன் பசை மஞ்சளாகித் தாளைத் தின்னும். புத்தகத்தைத் தட்டையாக விரித்து அழுத்தினால் முதுகு உடையும்; இருபுறமும் மெத்தைத் துணி முட்டுக்கொடுத்துப் பாதி திறந்த நிலையில், மின்னொளி பாய்ச்சாமல், யன்னல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். முகப்புத் தாளையும் அச்சக விபரம் உள்ள பக்கத்தையும் விடாதீர்கள். ஓரத்தில் பழைய மாணவன் மையால் எழுதிய குறிப்பு இருந்தால் அதையும் சேர்த்தே எடுத்து, நம் பழைய மாணவர் சங்கச் செயலாளருக்கு அனுப்புங்கள்.