ஸ்பைக் பாஸ், டூப்ளிகேட் பாஸ், ரிசல்ட் மட்டும் தப்பு: மெத்தில்மெர்க்குரி சோதனையில் நாங்கள் பட்ட பாடு

ஒருவழியாக எங்கள் லேபுக்கு மெத்தில்மெர்க்குரி (பாதரசத்தின் நச்சு மிகுந்த கரிம வடிவம்) சோதனைக்கான அங்கீகாரம் வந்துவிட்டது. மீன், தண்ணீர், வண்டல் மூன்றுக்கும். மீன் எந்தத் தொந்தரவும் தரவில்லை. பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் மெத்தனாலும் கலந்து கரைத்தோம், நீர்த்தோம், ஓட்டினோம், முடிந்தது. தண்ணீரில் ஒரு மாதிரித் தொகுதியே வீணானது. வண்டல்தான் உயிரை எடுத்தது. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இ.பி.ஏ.வின் 1630 முறையை (தண்ணீர் மாதிரியைச் சூடாக்கி ஆவியாக வடித்து, அதில் வரும் மெத்தில்மெர்க்குரியை அளப்பது) படித்தவர்கள், கருவியைக் கையாளத் தெரிந்தவர்கள் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் அடி சோடியம் டெட்ராஎதில்போரேட்டில் விழுந்தது. எதில் குழுவைச் சேர்த்து மெத்தில்மெர்க்குரியை ஆவியாகிற வடிவத்துக்கு மாற்றுவதே (எதிலேற்றம்) இதுதான். காற்றுப் பட்டால் கெட்டுப்போகும். அதனால்தான் 1 கிராம் குப்பிகளாகக் கேட்டு இன்டென்ட் போட்டிருந்தோம். ஒரு குப்பியைத் திறந்தால் மொத்தத்தையும் ஒரே மூச்சில் தீர்த்துவிடலாம். பர்ச்சேஸ் செக்‌ஷனில் கிராம் கணக்குப் பார்த்து, பெரிய பாட்டில் மலிவு என்று அதையே வரவழைத்துவிட்டார்கள். அதுவும் நேராக வரவில்லை. பாதுகாப்புத் தகவல் தாள் கூடவே இல்லாததால் சரக்கு எங்கேயோ மாட்டிக்கொண்டது. கிளியரிங் ஏஜென்டுக்கு ஃபோன் போட்டால், "மேடம், ஒரு பேப்பர்தான் குறையுது, நாளைக்கு எடுத்துடலாம்" என்று தினமும் அதே நாளையைச் சொன்னார். கடைசியில் வந்த பாட்டிலை ஒரு முறை திறந்து மூடியதுமே அதன் ஆயுள் குறைய ஆரம்பித்தது. அடுத்த முறை பார்த்தபோது பொடி மஞ்சள் தட்டியிருந்தது. மஞ்சள் தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், தூக்கிப் போடுங்கள். விலையைப் பார்த்துத் தயங்கினால் அதன்பிறகு கருவித் திரையில் வரும் ஒவ்வொரு பீக்கையும் (அளவைக் காட்டும் முகடு) சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இப்போது செய்வது இது. 1 கிராம் குப்பியை ஃப்யூம் ஹூடுக்குள் திறந்து, சில்லென்று குளிர வைத்த 2% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் 100 மி.லி.க்குக் கரைத்து, சின்ன டெஃப்லான் பாட்டில்களில் பிரித்து உடனே உறைய வைத்துவிடுவோம். ஓட்டும் நாளில் ஒரு பாட்டிலை வெளியே எடுத்து, பாதி உருகி, பனிக்கட்டி மிதந்துகொண்டிருக்கும்போதே உபயோகிக்க ஆரம்பிக்கிறோம். முழுக்க உருகி மேஜைமேல் கிடந்த பாட்டிலைத் திரும்ப உறைய வைக்கும் வழக்கம் எங்கள் லேபில் இல்லை. இன்டென்டிலும் "1 கிராம் குப்பி மட்டும், மாற்று அளவு ஏற்கப்படாது" என்று தனி வரி போடுகிறோம். அந்த ஒரு வரி நிறைய மிச்சப்படுத்தியிருக்கிறது.

தண்ணீர் விஷயத்தில் தவறு லேபுக்கு வெளியே நடந்தது. மாதிரி எடுக்கப் போன ஏஜென்சி ஆள் கழிமுகத் தண்ணீர் உட்பட எல்லா பாட்டில்களிலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றிக்கொண்டு வந்துவிட்டார். "ஆசிட் போட்டாச்சு மேடம், எல்லாம் கரெக்டா இருக்கு" என்றார். ஆற்றுத் தண்ணீருக்கு அது சரி: லிட்டருக்கு 4 மி.லி. உப்புத் தண்ணீருக்கோ சல்ஃப்யூரிக் அமிலம்தான் போட வேண்டும், லிட்டருக்கு 2 மி.லி. ஏற்கெனவே குளோரைடு நிறைந்த தண்ணீரில் இன்னும் ஹைட்ரோகுளோரிக்கை ஊற்றினால், வடிக்கும்போது அது கூடவே வடிந்து வந்து எதிலேற்றத்தைக் கெடுக்கும். எங்களுக்கு ஸ்பைக் ரிக்கவரி (தெரிந்த அளவு மெத்தில்மெர்க்குரியை நாமே மாதிரியில் சேர்த்து ஓட்டினால் அதில் திரும்பக் கிடைக்கும் பங்கு) சரசரவென்று இறங்கி, 1630 அனுமதிக்கும் 65 முதல் 135 சதவீத எல்லைக்கும் கீழே போய் நின்றது. மொத்தத் தொகுதியையும் கொட்டிவிட்டு மறுபடி மாதிரி எடுக்கச் சொன்னோம். அந்தப் பயணச் செலவு யார் தலையில் என்று பேசியதே தனிக் கதை. இப்போது பாட்டில் அனுப்பும்போதே அமிலத்தையும் நாங்களே அளந்து கொடுக்கிறோம், உப்புத் தண்ணீர் பாட்டிலுக்கு வேறு நிற மூடி.

தண்ணீரில் ஸ்பைக் எங்களைக் காப்பாற்றியது. வண்டலில் அதே ஸ்பைக் உண்மையை மறைத்தது. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

வந்த மாதிரிகள் ஒரு பழைய தொழிற்கூடத்தைச் சுற்றியுள்ள வண்டல். மொத்தப் பாதரசமே கிலோவுக்குப் பத்துக் கணக்கான மில்லிகிராம். 1630 தண்ணீருக்கான முறைதான் என்றாலும், அதே வடித்தலை வண்டலுக்கும் பல லேப்களில் செய்கிறார்கள். நாங்களும் செய்தோம். பிளாங்க் (மாதிரி இல்லாமல் ஓட்டியது) சுத்தம். டூப்ளிகேட் (ஒரே மாதிரியை இரண்டு முறை ஓட்டியது) ஒன்றோடொன்று ஒத்துப்போனது. ஸ்பைக் 90 சதவீதத்துக்கு மேல். ஐ.ஏ.இ.ஏ.-405 என்ற சான்றளிக்கப்பட்ட கழிமுக வண்டலும் (அளவு முன்பே தெரிந்த ஒப்பீட்டுப் பொருள், சுருக்கமாக சி.ஆர்.எம்.) பாஸ். மேலதிகாரி சொன்னார்: "எல்லாமே உள்ளேதானே இருக்கு, இன்னும் என்ன யோசனை? கையெழுத்துப் போட்டு அனுப்புங்க." எனக்கு மனசு ஒப்பவில்லை, போடவில்லை.

உறுத்திய விஷயம் ஒன்றே ஒன்று. மணல் கலந்த வெளிறிய வண்டலிலும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிற கறுப்புச் சேற்றிலும், மொத்தப் பாதரசத்தில் மெத்தில் பங்கு ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருந்தது. மெத்திலேற்றம் பெரும்பாலும் ஆக்சிஜன் இல்லாத சேற்றில், சல்ஃபேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்கள் செய்யும் வேலை. மணலிலும் சேற்றிலும் ஒரே விகிதம் வருமா? மொத்தம் இரண்டு மடங்கானால் மெத்திலும் இரண்டு மடங்கு. வண்டலுக்குள் நடந்ததைவிட எங்கள் வடிகலனுக்குள் நடந்ததைத்தான் அந்த எண்கள் காட்டுவதாகப் பட்டது.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1997-இல் ஹின்டெல்மன் குழுவினர் செறிவூட்டிய பாதரச ஐசோடோப்பைச் சேர்த்துப் பார்த்து, சோதனையின்போதே கனிமப் பாதரசத்தில் (மெத்தில் சேராத பாதரசச் சேர்மங்கள்) ஒரு சிறு பங்கு மெத்தில்மெர்க்குரியாக மாறுவதைக் காட்டினார்கள். அதே ஆண்டில் புளூம் குழுவினரும் வடித்தலில் இது நடப்பதை எழுதினார்கள். அமிலமும் சூடும் மாதிரியில் உள்ள கரிமப் பொருளும் சேர்ந்து இந்த வேலையைச் செய்கின்றன. மாறுவது அற்பப் பங்குதான், ஆனால் வண்டலில் அந்த அற்பமே மலை.

கணக்கைப் பாருங்கள். ஈ.ஆர்.எம்.-சி.சி.580 என்ற ஐரோப்பியக் கழிமுக வண்டலில் மொத்தப் பாதரசம் கிலோவுக்கு 132 மில்லிகிராம், மெத்தில்மெர்க்குரி வெறும் 75 மைக்ரோகிராம். அந்த 132 மில்லிகிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மாறினாலே 13 மைக்ரோகிராம் கூடுதலாக வந்துவிடும். மூன்று பங்கு மாறினால் 75 என்பது 115 ஆகிவிடும். ஐ.ஏ.இ.ஏ.-405-இல் மொத்தம் 0.81 மில்லிகிராம்தான், மெத்தில் 5.49 மைக்ரோகிராம். அங்கே பத்தாயிரத்தில் ஒன்று மாறினால் 0.08 மைக்ரோகிராம், யார் கண்ணுக்கும் தெரியாது. அதனால்தான் அது பாஸ். மீனில் இருக்கும் பாதரசத்தில் பெரும்பகுதி மெத்தில்தான் என்பதால் அங்கே இந்தப் பேச்சே எழுவதில்லை.

சரி, மற்ற சோதனைகள் ஏன் பிடிக்கவில்லை? பிளாங்கில் கனிமப் பாதரசமே இல்லை, மாறுவதற்கு எதுவும் இல்லை. டூப்ளிகேட் இரண்டிலும் ஒரே அளவு மாறுகிறது, ஒத்துப்போகத்தான் செய்யும். ஸ்பைக்கில் என்ன செய்கிறோம்? ஸ்பைக் போட்டதிலிருந்து போடாததைக் கழிக்கிறோம். இரண்டிலும் பொய்யாகப் பிறந்த மெத்தில் சமமாக இருக்கிறது, கழித்தலில் அடிபட்டுப் போய்விடுகிறது. ரிக்கவரி அழகாக 95 என்று வரும், மூல எண் மட்டும் ஊதிப்போய் நிற்கும். எந்தத் தரக்கட்டுப்பாட்டுப் படிவத்திலும் இதைக் கேட்கும் கட்டம் இல்லை.

சி.சி.580 வாங்கக் கேட்டால் அக்கவுன்ட்ஸில், "ஏற்கெனவே ஒரு வண்டல் இருக்கே மேடம், பாஸும் ஆகுதே, இன்னொண்ணு எதுக்கு?" மேலே சொன்ன கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் வைத்தேன். அதைப் பார்த்துத்தான் அனுமதி கிடைத்தது.

அது வரும்வரை சும்மா இருக்கவில்லை. ஐசோடோப்பு வைத்துப் பார்க்க, ஐசோடோப்புகளைத் தனித்தனியே அளக்கும் ஐ.சி.பி.-எம்.எஸ். கருவி உள்ள வேறோர் ஊர் நிறுவனத்தில் நேரம் வாங்கிப் போனோம். கடிதத்தில் கையெழுத்து இருக்கிறது, ரவுண்ட் சீல் இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். மாதிரிகளோடு, உலர்பனிப் பெட்டியோடு பஸ் ஏறித் திரும்பி வந்தோம். பொதுக் கருவிக்கூடத்துக்குப் போகிறவர்கள் முதல் நாளே ஃபோன் செய்து என்னென்ன தாள், எந்தெந்த முத்திரை என்று கேட்டுக்கொள்ளுங்கள், பதில் சொன்னவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு கையில் இருப்பதை வைத்தே ஒரு எளிய சோதனை செய்தோம். உறையவைத்து உலர்த்திய ஒரே வண்டலைப் பல கலன்களில் எடுத்து, வடிப்பதற்குச் சற்று முன், அமிலம் சேர்த்தபின், ஒவ்வொன்றிலும் கனிமப் பாதரசத்தை ஏற்றி ஏற்றிப் போட்டோம். திரையில் மூன்று பீக் வரும்: முதலில் தனிமப் பாதரசம், நடுவில் நமக்கு வேண்டிய மெத்தில், கடைசியில் கனிமம். கடைசி பீக் வளர வேண்டும், நடுவில் உள்ளது அசையக் கூடாது. அசைந்தது. போடப்போட நேர்கோட்டில் ஏறியது. அந்தத் திரையைப் படம் எடுத்து மேலதிகாரிக்கு அனுப்பினேன், அதற்குப் பிறகு கையெழுத்துப் பேச்சு எழவில்லை.

ஒரு எச்சரிக்கை. அந்தக் கோட்டின் சரிவை வைத்துப் பழைய எண்களைத் திருத்தப் பார்க்காதீர்கள். நாம் புதிதாகப் போட்ட பாதரசம் வண்டலில் பல வருடமாக சல்ஃபைடோடு ஒட்டிக் கிடப்பதைவிட எளிதில் வினைபுரியும், சரிவு உண்மையைவிட அதிகம் காட்டும். ஆபத்து இருக்கிறது என்று அறிய மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

சி.சி.580 வந்ததும் முதல் வேலையாக வடித்து ஓட்டினோம். 75 வர வேண்டியது, 100-ஐத் தாண்டி நின்றது. சந்தேகம் தீர்ந்தது. வடித்தலை விட்டுவிட்டு, பொட்டாசியம் புரோமைடு, சல்ஃப்யூரிக் அமிலம், காப்பர் சல்ஃபேட் போட்டுக் கலக்கி, டைக்ளோரோமீத்தேனில் பிரித்தெடுத்து, பிறகு நைட்ரஜன் ஊதிக் கரைப்பானை விரட்டி, தண்ணீருக்கு மாற்றும் முறைக்குப் போனோம். கனிமப் பாதரசம் பெரும்பாலும் பின்னாலேயே தங்கிவிடும். சொல்வதற்குச் சுலபம், செய்ய அவ்வளவு சுலபமில்லை. குழம்பாகிப் பிரியாமல் நின்ற குழாய்களை மையவிலக்கியில் போட்டுச் சுற்றினோம். டைக்ளோரோமீத்தேன் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் பீக் படுத்துவிடும், தண்ணீருக்கு அடியில் எண்ணெய்போல ஒரு மணி உருண்டு நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். இது கைக்கு வந்தபின் சி.சி.580 சான்றிதழ் எல்லைக்குள் வந்து நின்றது, அடுத்தடுத்த தொகுதிகளிலும் அங்கேயே நின்றது. அன்றைக்கு லேபில் எல்லோருக்கும் பஜ்ஜி.

வாடிக்கையாளரின் வண்டலை மறுபடி ஓட்டினோம். மணல் வண்டலில் எண் சரிந்து விழுந்தது. கறுப்புச் சேறு மட்டும் உயரத்தில் நின்றது. அந்த ரிப்போர்ட்டில்தான் கையெழுத்துப் போட்டேன்.

தணிக்கைக்கு வந்தவர் கூர்மையானவர். மீன் கோப்பைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "உங்க சூரை மீன் சி.ஆர்.எம்.ல மொத்தப் பாதரசம் 5.24, அதுக்குள்ள இருக்கற மெத்தில் மட்டும் 5.50. பகுதி எப்படிம்மா முழுசைவிடப் பெருசாகும்?" நல்ல கேள்வி. ஈ.ஆர்.எம்.-சி.இ.464-இன் சான்றிதழை எடுத்து வைத்தேன். 5.24 என்பது பாதரசமாகக் கணக்கிட்டது, 5.50 என்பது மெத்தில்மெர்க்குரி அயனியாகக் கணக்கிட்டது. மெத்தில்மெர்க்குரி அயனியின் நிறையான 215.63-ஐப் பாதரசத்தின் அணுநிறையான 200.59-ஆல் வகுத்தால் 1.075, 5.50-ஐ அதனால் வகுத்தால் 5.12. சரியாக உட்கார்ந்தது. அவர் தலையாட்டிவிட்டு, எல்லா ரிப்போர்ட்டிலும் எதுவாகக் கணக்கிட்டது என்று எழுதச் சொன்னார். எழுதுகிறோம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011 ஒழுங்குமுறையில் மெத்தில்மெர்க்குரிக்கு வைத்த 0.25 பி.பி.எம். எல்லையும் தனிமமாகக் கணக்கிட்டதுதான். எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும் மீனுக்கு இந்த 7.5 சதவீதம் தேறுவதா விழுவதா என்பதையே மாற்றிவிடும்.

ஈரப்பதத்துக்கு எப்போதும் தனியாக ஒரு சிட்டிகை எடுத்து அடுப்பில் வையுங்கள், உலர்த்தியதையே சோதனைக்கு எடுக்காதீர்கள், சூட்டில் பாதரசம் போய்விடும். கையுறை விஷயத்தில் ஸ்டோர்ஸில் என்ன இருக்கிறதோ அதை மாட்டிக்கொள்ளாதீர்கள். டார்ட்மத் கல்லூரியின் கேரன் வெட்டர்ஹான் 1996-இல் லேடெக்ஸ் கையுறைமேல் சிந்திய சில துளி டைமெத்தில்மெர்க்குரியால் 1997-இல் உயிரிழந்தார். நாம் கையாள்வது அதுவல்ல, நீர்த்த ஸ்டாண்டர்ட்தான் என்றாலும், எந்தக் கையுறை எந்த ரசாயனத்தை எவ்வளவு நேரம் தாங்கும் என்ற பட்டியலைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். டைக்ளோரோமீத்தேன் சாதாரண நைட்ரைல் கையுறையைச் சீக்கிரமே ஊடுருவும், அதற்கு வேறு ரகம் வேண்டும்.

வண்டலை வெளி லேபுக்கு அனுப்புகிறவர்கள் ரிக்கவரி சதவீதத்தை மட்டும் கேட்டுவிட்டு ஃபோனை வைக்காதீர்கள். எந்த சி.ஆர்.எம்., அதில் மொத்தப் பாதரசம் எவ்வளவு, உங்கள் மாதிரியில் எவ்வளவு, வடித்தார்களா பிரித்தெடுத்தார்களா, இந்த நான்கையும் கேளுங்கள். உங்கள் வண்டலில் மொத்தம் அவர்களுடைய சி.ஆர்.எம்.-ஐவிடப் பல மடங்கு இருந்து, முறையும் வடித்தல் என்றால், வேறொரு முறையில் ஒரு மாதிரியையாவது ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கட்டுங்கள்.