பழைய நேட்டால் தாள்களில் ‘கூலி’ என்று கண்டால்

பூட்டன் பெயரைத் தேடி, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள டர்பன் நகரத்துப் பழைய செய்தித்தாள்களைப் புரட்டுகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது ‘கூலி’ என்ற சொல்லில்தான். தமிழில் அது முதலில் காசு, பிறகுதான் ஆள். வெள்ளைக்காரர் நடத்திய ஆங்கிலத் தாள்களில் அது ஆள் மட்டுமே, அதிலும் பெரும்பாலும் வசவு.

தமிழ்ப் பக்கத்தில் விகுதியையும் வினையையும் பார்த்தால் பாதி தெளிந்துவிடும். ‘கூலிகள்’ என்று பன்மை வந்தால் ஆட்கள். காசுக்கு யாரும் ‘கள்’ போடுவதில்லை. ‘கூலி கேட்டார்கள்’, ‘கூலி நின்றது’ என்றால் சம்பளம். ‘கூலிக்குப் போனான்’ என்றால் வேலை. விளம்பரத்தில் ‘தபாற்கூலி வேறு’ என்றிருந்தால் அஞ்சல் செலவு தனி என்று பொருள். செய்கூலி, வண்டிக்கூலி, அச்சுக்கூலி எல்லாம் அந்தக் குடும்பம்தான். இவற்றை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது கண்ணை மூடிக்கொண்டு ‘கூலி’ என்றே போட்டுவிடுகிறார்கள். சம்பளம் கேட்டவர்கள் ஆள் கேட்டவர்களாக ஆகிவிடுகிறார்கள்!

வம்பு பண்ணுவது ‘கூலி பிடித்தார்கள்’ என்ற தொடர். சம்பளத்தில் கழித்தார்கள் என்றும் படிக்கலாம், ஊரில் ஆள் சேர்த்தார்கள் என்றும் படிக்கலாம். தலைப்புக்குக் கீழே செய்திக்குள் ‘கூலியில் பிடித்தார்கள்’ என்று உருபு இருந்தால் கவலையில்லை. தலைப்பில்தான் உருபை விழுங்கிவிடுவார்கள். அப்போது அக்கம்பக்கத்து வரிகளைப் பாருங்கள். தோட்டம், மாதம், ஷில்லிங் என்று வந்தால் கழிவு. வேலை ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்த ஆளுக்கு முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங்தான். வேலைக்கு வராத ஒரு நாளுக்கு இரண்டு நாள் சம்பளத்தைக் கழிக்கும் வழக்கமும் தோட்டங்களில் இருந்தது. சென்னைத் துறைமுகம், டிப்போ (கப்பலேறுமுன் ஆட்களைத் தங்கவைத்த இடம்), கப்பல் என்று வந்தால் ஆள்சேர்ப்பு. தேதியும் கைகொடுக்கும்: நேட்டாலுக்கு ஒப்பந்தக் கப்பல்கள் 1860 முதல் 1911 வரைதான் வந்தன. அதற்குப் பிந்திய இதழில் ஆள்சேர்ப்புச் செய்தி இருந்தால் அது இலங்கை, மலாயா போன்ற வேறு நாட்டுச் சங்கதி.

ஆங்கிலத் தாளில் வேறு பொறி. அங்கே கரும்புத் தோட்டத்து ஆளும் கூலி, கடை வைத்தவரும் கூலி, காந்தியும் ‘கூலி பாரிஸ்டர்’. ஆகவே அந்தச் சொல்லை வைத்து ஒருவர் ஒப்பந்தத்தில் வந்தார் என்று எழுதிவிடக்கூடாது. நேட்டாலுக்கு அடுத்திருந்த டிரான்ஸ்வால் பகுதியின் 1885-ஆம் ஆண்டு 3-ஆம் சட்டம் ‘கூலிகள், அரபிகள், மலாய்க்காரர்கள்’ என்று அடுக்குகிறது. அந்த ‘அரபி’ பெரும்பாலும் குஜராத்தி முஸ்லிம் வணிகர்தான். இன்னொன்று: 1904 முதல் ஜோகன்னஸ்பர்க் சுரங்கச் செய்திகளில் வரும் கூலிகள் சீனர்கள். அந்தச் சில ஆண்டுகளில் 60,000-க்கு மேற்பட்ட சீனர்கள் தங்கச் சுரங்கங்களுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஆனால் அதே ஆண்டு, அதே ஊர், ‘கூலி லொக்கேஷன்’ என்றால் அது நம்மவர் குடியிருப்பு. 1904 பிளேக்கில் கொளுத்தப்பட்டது அதுதான்.

கணினியில் தேடும்போது ஆங்கில எழுத்துக்கூட்டலை இரண்டு விதமாகப் போட்டுப் பாருங்கள்: கடைசியில் ‘ஐ-இ’, கடைசியில் ‘ஒய்’. டச்சு, ஆப்பிரிக்கான்ஸ் தாள்களுக்கு ‘கே-ஓ-இ’ என்று தொடங்க வேண்டும். வரி முடிவில் சொல் உடைந்திருந்தால் இதில் எதுவும் அகப்படாது. பின்பாதியை மட்டும் போட்டுத் தேடலாம். தமிழில் மை பரவிய அச்சில் ‘லி’யை ‘வி’ என்று கணினி படித்துவிடும், அதனால் ‘கூவி’ என்றும் ஒருமுறை தட்டுங்கள். பழைய ‘லை’, ‘னை’, ‘றா’ வடிவங்கள் அதற்குச் சுத்தமாகப் புரியாது.

நேட்டால் இந்தியர்களின் வார இதழான ‘இந்தியன் ஒப்பீனியன்’ 1903-இல் தமிழையும் சேர்த்து நான்கு மொழிகளில் தொடங்கியது. தமிழ்ப் பகுதி 1906-இல் நின்றது. 1907-இன் தமிழ்ச் செய்திக்கு அதைப் புரட்டுவது வீண். 1908-இலிருந்து பி. எஸ். ஐயரின் ‘ஆப்பிரிக்கன் கிரானிக்கிள்’ இதழ் இருக்கிறது.