எல்லாம் என் தலையில்தான்

எங்கள் பக்கம், கோத்தகிரி ரோட்டில் இருக்கிற தேயிலை ஃபேக்டரிகளில், மழை பெய்து வெயில் அடித்துவிட்டால் போதும், கொழுந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். வந்த அன்றைக்கே வாட்டப் பரப்பியாக வேண்டும். சாக்கிலேயே கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். நாலு கிலோவுக்கு மேல் கொழுந்து போட்டால்தான் ஒரு கிலோ தூள். ஆகவே விடிய விடிய மெஷின் ஓடும்.

மெஷின்காரர்கள் வாய் திறப்பதில்லை. திறந்தாலும் அந்தச் சத்தத்தில் கேட்காது. புலம்பல் எல்லாம் எங்கள் ஆபீஸில்தான்.

எடை போடும் அண்ணன் வர்க்கியைக் கடித்துக்கொண்டு ஆரம்பிப்பார். “நனைஞ்ச மூட்டைக்குத் தண்ணிக் கழிவு ரெண்டு கிலோ போட்டா, கொழுந்து கொண்டுவர்ற விவசாயிங்க அவங்க சொத்தையே எழுதி வாங்கிட்ட மாதிரி பார்க்கிறாங்க. தினமும் சண்டை. மனுஷன் பார்க்கிற வேலையா இது?” வர்க்கித் தூள் கொழுந்து ரசீதுக் கட்டின் மேல் உதிரும். ஊதிவிட்டுத் தொடர்வார்.

கணக்கு அக்கா விட்டுக்கொடுப்பாரா? “உங்ககிட்ட சண்டை போட்டவங்கதானே அப்புறம் பணத்துக்கு எங்கிட்ட வர்றாங்க? ஏல சராசரியைப் பார்த்து தேயிலை வாரியம் மாசாமாசம் கொழுந்துக்கு விலை சொல்லுது. விலை இறங்கினா என்னைத் திட்டுறாங்க. ஏலத்துல நானா கை தூக்கினேன்?”

இப்படியே போகும். யாருக்கு முதுகுவலி அதிகம், யார் எப்போது கடைசியாக லீவு எடுத்தது என்று போட்டி. டீ ஃபேக்டரி என்பதால் டீ இடைவேளைக்குக் கணக்கு கிடையாது.

போன வாரம் மேனேஜர் கதவோரம் நின்று முழுசாகக் கேட்டுவிட்டார். நல்ல மனிதர், உருகிவிட்டார். “சரி, காலை எடையைப் புதுப் பையன் பார்க்கட்டும். அக்கா, பாதி லெட்ஜரைத் தம்பிகிட்ட கொடுத்துடுங்க” என்று என்னைக் காட்டினார்.

ஆபீஸ் அமைதியாகிவிட்டது.

“பையனுக்கு என்ன சார் தெரியும்? சாக்கைத் தொட்டதுமே எவ்வளவு தண்ணின்னு நான் சொல்லிடுவேன்” என்றார் அண்ணன். அக்கா பேசவே இல்லை. மேஜை மேல் இருந்த லெட்ஜரை மெதுவாக இழுத்து மடியில் வைத்து, மேலே துப்பட்டாவையும் போட்டுக்கொண்டார். அதை நான் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவேன் என்று நினைத்தார் போலும்.

“அப்போ வேலையைக் குறைக்க வேண்டாமா?”

“குறைக்கச் சொல்லி நாங்க எப்போ சார் கேட்டோம்?” இரண்டு பேரும் ஒரே குரலில். அவர்கள் ஒத்துப்போய் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மேனேஜர் தலையைச் சொறிந்தபடி போனார். “பார்த்தீங்களா அக்கா, இவருக்குப் பதில் சொல்றதும் இப்ப நம்ம வேலை” என்றார் அண்ணன். வெளியே கொழுந்து லாரி ஹாரன் அடித்தது.

“நிம்மதியா ஒரு வாய் டீ குடிக்க விடறாங்களா!”

கையில் இருந்தது மூன்றாவது டம்ளர்.