கத்தி எப்போது தெரிகிறது? கத்திக்குத்து பற்றிய குறும்படத்தைத் தேர்வுக்கு அலசும் முறை

பிரிட்டன் பள்ளிகளில் ஊடகவியலோ திரைப்படவியலோ எடுத்துப் படிப்பவர்களுக்கு, இளைஞர்களிடையே நடக்கும் கத்திக்குத்தைப் பற்றிய ஐந்து, பத்து நிமிடக் குறும்படம் பழக்கமான பாடப்பொருள். படம் சிறியது, கதை நேரானது. ஆனாலும் விடைத்தாளில் மதிப்பெண் நழுவிவிடுகிறது. கதை மனதை உலுக்கிவிடுவதால் கை கதையையே எழுதிக்கொண்டு போகிறது. இல்லாவிட்டால் குளோசப் இருக்கிறது, ஹேண்ட்ஹெல்ட் (கையில் பிடித்து எடுக்கும் கேமரா) இருக்கிறது என்று உத்திகளின் பெயர்ப்பட்டியல் வருகிறது. இரண்டுமே அலசல் ஆகாது.

இந்த வகைப் படத்துக்குள் நுழைய ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: கத்தி எப்போது தெரிகிறது, எவ்வளவு நேரம் தெரிகிறது, யாருடைய கண் வழியாகத் தெரிகிறது? ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி, காட்சியமைப்பு என்று எதை எழுதினாலும் அது இந்தக் கேள்விக்கு வந்து சேர வேண்டும். கத்தியைப் பற்றிப் படம் எடுக்கும் இயக்குநருக்கு முதல் சிக்கலே அதுதான்: வீரத்தின் அடையாளமாக்கிவிடாமல் கத்தியைக் காட்டுவது எப்படி? பிரிட்டனின் படத் தணிக்கை அமைப்பான பிபிஎஃப்சி, 12ஏ சான்றிதழுக்கான (12 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் துணையோடுதான் திரையரங்கில் பார்க்கலாம்) நெறிகளில், எளிதில் கைக்கு எட்டும் ஆயுதங்களைக் கவர்ச்சியாகக் காட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. பிரச்சாரப் படம் எடுப்பவர்களிடையே, கத்தியைத் திரையில் காட்டாமலே விடுவது நல்லது என்ற வாதமும் உண்டு. பயத்தால்தான் பல சிறுவர்கள் கத்தியை எடுக்கிறார்கள், பளபளக்கும் பிளேடு அந்தப் பயத்தைத்தான் வளர்க்கும் என்பது அவர்கள் தரப்பு. ஆக, கத்தி தெரியும் நொடியும் தெரியாத நொடியும் யாரோ யோசித்து எடுத்த முடிவு. அந்த முடிவைத்தான் நீங்கள் அலசுகிறீர்கள்.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது உதவும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 18 வயது நிரம்பாதவருக்குக் கத்தி விற்கக் கூடாது. தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருந்தாலே 4 ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். பிளேடு 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்திக்கு மட்டும் விலக்கு. இதைப் படத்தோடு பொருத்திப் பாருங்கள். கடையில் வாங்க முடியாத 15 வயதுப் பையனுக்குக் கத்தி கிடைக்கும் எளிய இடம் வீட்டுச் சமையலறை இழுப்பறை. அவன் அதை எடுத்துக்கொண்டு வாசற்படியைத் தாண்டும்போதே குற்றம் நடந்துவிட்டது. குத்துவது பிறகு வருவது. அதனால் இழுப்பறை திறக்கும் ஷாட்டையும் கதவைத் தாண்டும் ஷாட்டையும் சண்டைக்கான முன்னோட்டமாக மட்டும் நினைத்துக் கடந்து போகாதீர்கள். பல படங்களில் உண்மையான உச்சக்காட்சி அங்கேதான் இருக்கிறது.

படத்தை நான்கு முறை பாருங்கள். ஓசிஆர் தேர்வு வாரியத்தின் பழைய ஏஎஸ் (ஏ லெவல் படிப்பின் முதல் பாதி) ஊடகவியல் தேர்வில் தொலைக்காட்சி நாடகத் துண்டு ஒன்றை நான்கு தடவை திரையிடுவார்கள். பயிற்சிக்கு அது இன்றும் நல்ல அளவு. முதல் தடவை பேனாவைத் தொட வேண்டாம். எந்த இடத்தில் உடம்பு விறைத்தது, எங்கே பார்வையை விலக்கிக்கொள்ளத் தோன்றியது என்பதை மட்டும் மனதில் வாங்குங்கள். இரண்டாம் தடவை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். மூன்றாம் தடவை திரையை மூடிவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். நான்காம் தடவை நிறுத்தி நிறுத்தி ஷாட் பட்டியல் எழுதுங்கள். தேர்வு அறையில் ஒலியை அணைக்கும் வசதி இருக்காதுதான். ஆனால் வீட்டில் மூன்று, நான்கு படங்களை இப்படிப் பார்த்துப் பழகியவருக்குக் கண்ணும் காதும் தனித்தனியாக வேலை செய்யத் தொடங்கிவிடும்.

ஷாட் பட்டியலை முழுப் படத்துக்கும் போட முயன்றால் களைத்துவிடுவீர்கள். 60 முதல் 90 நொடி நீளமுள்ள இரண்டு பகுதிகள் போதும்: கத்தி முதலில் வரும் இடம் ஒன்று, மோதல் நடக்கும் இடம் ஒன்று. ஒவ்வொரு ஷாட்டுக்கும் தொடங்கும் நேரம், ஷாட்டின் அளவு (குளோசப்பா, தூரக் காட்சியா), கோணமும் அசைவும், கேட்கும் ஒலி, கத்தி எங்கே இருக்கிறது என்று அட்டவணையில் ஐந்து நெடுவரிசை. கடைசி நெடுவரிசையைப் பெரும்பாலோர் போடுவதில்லை. விடைக்கான சரக்கு அதிலிருந்துதான் வரும். பிறகு ஒரு எளிய கணக்கு. பகுதியின் நொடிகளை ஷாட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி ஷாட் நீளம் கிடைக்கும். சமையலறைக் காட்சியில் 60 நொடிக்கு 6 ஷாட் என்றால் சராசரி 10 நொடி. மோதலில் 60 நொடிக்கு 48 ஷாட் என்றால் 1.25 நொடி. 'வெட்டுகள் வேகமாக உள்ளன' என்று, அதாவது ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்கு வேகமாக மாறுகிறது என்று, எழுதுவதைவிட இந்த வித்தியாசத்தைச் சொல்வது எவ்வளவோ உறுதியானது.

கேமராவைப் பற்றி எழுதும்போது அடிக்கடி தவறாகப் பயன்படுவது 'கதாபாத்திரத்தின் பார்வைக் கோணம்' என்ற சொல். தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்த ஷாட் பார்வைக் கோண ஷாட் அல்ல. முந்தைய ஷாட்டிலோ அடுத்த ஷாட்டிலோ அந்தப் பாத்திரம் எதையோ பார்ப்பதைக் காட்டியிருக்க வேண்டும். இந்த ஷாட் அவர் கண் இருக்கும் இடத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அப்படி ஒரு ஷாட் கிடைத்தால் விடாதீர்கள். இழுப்பறைக்குள் கிடக்கும் கத்தியைப் பையனின் கண் வழியாகப் பார்க்கிறோமா, அல்லது பையனுக்குத் தெரியாமல் பின்னால் நிற்கும் தங்கையின் கண் வழியாகவா? பொருள் ஒன்றேதான், முதலாவதில் நாம் அவனுக்குத் துணை, இரண்டாவதில் சாட்சி.

அதேபோல, கேமரா தாழ்வாக இருப்பதும் லோ ஆங்கிளும் ஒன்றல்ல. இடுப்பு உயரத்தில் கேமராவை நேராகப் பிடித்துப் பாக்கெட்டில் இருக்கும் கையைக் காட்டினால், அது உயரத்தைப் பற்றிய முடிவு. கீழிருந்து மேல்நோக்கிச் சாய்த்தால்தான் லோ ஆங்கிள். ஹேண்ட்ஹெல்ட் என்றதும் 'யதார்த்தமாக இருக்கிறது' என்று நிறுத்திவிடுவதும் போதாது. படம் முழுக்கக் கேமரா ஆடினால் அது பாணி. வீட்டுக் காட்சிகள் டிரைபாடில் நின்று, தெருவுக்கு வந்ததும் ஆடத் தொடங்கினால் அது அர்த்தம். எங்கிருந்து ஆடத் தொடங்குகிறது என்ற நொடியைக் குறித்துக்கொள்ளுங்கள். லென்ஸையும் கவனியுங்கள். பரந்த பரப்பை அடக்கும் வைட் லென்ஸில் கேமராவுக்கு அருகே நீட்டிய கத்தி உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும், எதிரில் நிற்பவர் தூரமாகிவிடுவார். தூரத்தில் இருப்பதை அருகே இழுக்கும் டெலி லென்ஸில் இருவருக்கும் இடையிலான தெரு சுருங்கி, தப்பிக்க இடமே இல்லாதது போலாகும்.

குத்தும் கணத்தைப் படத்தொகுப்பு எப்படிக் கையாளுகிறது என்பதில் நின்று நிதானமாக எழுதலாம். பிளேடு உடலில் இறங்குவதைக் காட்டாமலே இறங்கியது என்று நம்ப வைக்கும் வித்தைக்கு நீண்ட மரபு உண்டு. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படத்தில் (1960) குளியலறைக் கொலைக்கு 78 கேமரா அமைப்புகளும் 52 வெட்டுகளும் சொல்லப்படுவது வழக்கம். குத்தும் சத்தத்துக்கு முலாம்பழத்தைக் குத்திப் பதிவு செய்தார்கள். பார்வையாளர் பார்த்ததாக நினைப்பதில் பெரும்பகுதி வெட்டுகளுக்கு இடையிலும் ஒலியிலும்தான் நடக்கிறது. உங்கள் குறும்படத்தில் அந்தக் கணத்தில் திரையில் என்ன இருக்கிறது? குத்தியவனின் முகமா, குத்துப்பட்டவனின் முகமா, தரையில் விழும் செல்போனா, அல்லது நேராக மருத்துவமனைத் தாழ்வாரமா? குத்தியவனின் முகத்தில் ஷாட் நின்றால் படம் அவன் அதிர்ச்சியைக் கேட்கிறது. நேராகத் தாழ்வாரத்துக்குத் தாவினால் செயலைத் தள்ளிவிட்டு விளைவை முன்னால் வைக்கிறது. ஸ்லோ மோஷன் வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். நொடிக்கு 50 ஃபிரேம் எடுத்து 25இல் ஓட்டினால் அசைவு பாதி வேகமாகும். அதைத் துக்கத்துக்கும் பயன்படுத்தலாம், கத்தி வீச்சை நடனம் போல் அழகாக்கவும் பயன்படுத்தலாம். எதை மெதுவாக்கியிருக்கிறார்கள் என்பதுதான் தீர்மானிக்கும்: பிளேடின் வளைவையா, தாயின் முகத்தையா?

ஒலி மாணவர்கள் கைவிடும் பகுதி. ஆனால் இந்த வகைப் படங்களில் அதிகம் பேசுவது அதுதான். சமையலறை இழுப்பறையிலிருந்து எடுக்கும் கத்தி உண்மையில் கணீரென்று ஒலிக்காது. கரண்டிகளோடு உரசும் சின்ன சலசலப்புதான் கேட்கும். உலோக ரீங்காரம் கேட்டால் அது பின்னால் சேர்க்கப்பட்டது. கத்திக்கு ஒரு கௌரவம் கொடுக்கப்படுகிறது என்று பொருள். அந்த ரீங்காரத்தை விட்டுவிட்டு, அடுத்த அறையில் அம்மா போனில் சிரித்துப் பேசுவதை மட்டும் கேட்க விட்டால், காட்சியின் பயம் முழுவதும் அந்தச் சாதாரணத்தனத்திலிருந்து வரும். மோதலின்போது உயர்ந்த சுருதிகளை வெட்டிவிட்டு, தண்ணீருக்குள் கேட்பது போல் ஒலியை மந்தமாக்குவது இன்னொரு வழக்கம். காதில் இரைச்சல் போன்ற ஒரே சுருதி அதோடு வரும். யாருடைய காது அடைத்துவிட்டது என்று கேளுங்கள். மௌனத்தையும் இரண்டாகப் பிரியுங்கள்: அறையின் இயல்பான ஒலி மெல்ல ஓடிக்கொண்டிருக்கும் மௌனம் ஒன்று, ஒலித்தடமே வெறுமையாகிவிடும் மௌனம் மற்றொன்று. இரண்டாவது மிக அரிது, அதனால் கூடுதலாகத் தாக்கும். அடுத்த காட்சியின் ஆம்புலன்ஸ் சைரன் இந்தக் காட்சி முடியும் முன்பே நுழைந்தால் அது ஜே கட். பையன் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே விளைவு வந்து நிற்கிறது என்று எழுதலாம்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். 'சிவப்பு ஆபத்தைக் குறிக்கிறது' என்ற வரியை எழுதாதீர்கள். சிவப்பு எங்கெங்கே வருகிறது, எங்கே வராமல் தடுக்கப்பட்டிருக்கிறது என்று காட்ட முடிந்தால் மட்டும் நிறத்தைத் தொடுங்கள்.

உடையும் முகமும் அப்படியல்ல, அங்கே நியாயம் சம்பந்தப்பட்ட கேள்வி இருக்கிறது. ஹூடி போட்ட பையனைக் கீழிருந்து, பின்னொளியில், முகம் தெரியாமல் காட்டினால், தலைப்புச் செய்திகள் உருவாக்கிய பிம்பத்தையே படம் திருப்பிச் சொல்கிறது. அதே ஹூடியை அவன் குளிருக்காக இழுத்துவிட்டுக்கொள்வதை முகத்தின் குளோசப்பில் காட்டினால் அந்தப் பிம்பத்தோடு சண்டை போடுகிறது. எந்த இனத்தவர், எந்தக் குடியிருப்பு, யாருக்கு வசனம், யாருக்கு வெறும் உருவம் என்று பாருங்கள். படம் நல்ல நோக்கத்தோடு எடுக்கப்பட்டிருந்தாலும் இதில் வழுக்கியிருக்கலாம். ஆதாரத்தோடு அதைச் சுட்டிக்காட்டும் விடை நிச்சயம் தனித்துத் தெரியும்.

எழுதும்போது ஒரு சோதனை எல்லாப் பத்திக்கும் பொருந்தும்: மாற்றிப் போட்டுப் பார்ப்பது. 'கத்தியின் குளோசப் பதற்றத்தை உண்டாக்குகிறது' என்ற வரி எந்தப் படத்துக்கும் ஒட்டும், அதனால் மதிப்பு இல்லை. இயக்குநர் இங்கே வேறு எதைச் செய்திருக்கலாம், செய்திருந்தால் என்ன போயிருக்கும் என்று கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள். ஒரு கற்பனைக் காட்சிக்கு இப்படி வரலாம்: 'இழுப்பறை திறக்கும்போது கேமரா பையனின் முகத்திலேயே 8 நொடி நிற்கிறது, கத்தியை நாம் பார்ப்பதில்லை, கரண்டிகளின் சத்தத்தை மட்டும் கேட்கிறோம். கத்தியைக் காட்டும் ஷாட்டுக்கு வெட்டியிருந்தால் நம் கவனம் ஆயுதத்துக்குப் போயிருக்கும். முகத்தில் நிற்பதால் அவனுடைய தயக்கத்தைக் கவனிக்கிறோம்; அவன் இன்னும் மனம் மாறலாம் என்று எதிர்பார்க்கிறோம்.' உத்தி, நேரம், மாற்று, விளைவு நான்கும் மூன்றே வாக்கியத்தில் வந்துவிட்டன. 'பார்வையாளர்' என்று பொதுவாக எழுதும் இடங்களில் யார் என்று சொல்லுங்கள். பள்ளியில் திரையிட எடுத்த படம் என்றால் பார்ப்பவர் அந்தப் பையனின் வயதுக்காரர். பெற்றோரைக் குறிவைத்த படத்தில் அதே ஷாட் வேறு வேலை செய்யும்.

45 நிமிட விடைக்கு 5 நிமிடத் திட்டம், 35 நிமிட எழுத்து, 5 நிமிடத் திருத்தம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒளிப்பதிவுக்கு ஒரு பத்தி, ஒலிக்கு ஒரு பத்தி என்று பிரிக்காமல், மூன்று கணங்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றிலும் இரண்டு, மூன்று உத்திகள் சேர்ந்து என்ன செய்கின்றன என்று எழுதுங்கள். கடைசியில் வரும் உதவி எண்ணும் வாசகமும் கொண்ட அட்டையைப் படத்தின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்: எத்தனை நொடி நிற்கிறது, இசை தொடர்கிறதா நிற்கிறதா, கடைசி முகத்துக்கு மேல் எழுத்து வருகிறதா, கறுப்புத் திரையிலா. திருத்தும் 5 நிமிடத்தில், நேரமோ ஷாட்டின் பெயரோ இல்லாத வாக்கியங்களைத் தேடி, ஒவ்வொன்றிலும் அதைச் சேருங்கள். சேர்க்க முடியாததை அடித்துவிடுங்கள்.