மூச்சுக்குழாயை இறுக்கும் நொதி

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் இரவுதோறும் மூச்சிரைப்புக்காக மான்டெலுகாஸ்ட் மாத்திரை விழுங்குபவர்கள் பலர். என் அம்மாவும் அவர்களில் ஒருவர். அந்த மாத்திரை, மூச்சுக்குழாயைச் சுருக்கும் லூக்கோட்ரையீன்கள் என்னும் வேதிப்பொருள்கள் செல்லில் வந்து அமரும் ஏற்பியைத்தான் அடைக்கிறது, அவற்றின் உற்பத்தியை நிறுத்துவதில்லை. நான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதோ உற்பத்தி செய்யும் லூக்கோட்ரையீன் சி4 சின்தேஸ் என்னும் நொதியை. செல்சவ்விலிருந்து விடுபடும் அராக்கிடோனிக் அமிலம் என்னும் கொழுப்பமிலத்தை 5-லிப்பாக்சிஜினேஸ் என்னும் வேறொரு நொதி லூக்கோட்ரையீன் ஏ4 ஆக மாற்றித் தர, அதனுடன் குளூட்டாதயோன் என்னும் சிறு மூலக்கூறை இணைத்து, மூச்சுக்குழாய்த் தசையை ஹிஸ்டமினைவிடப் பன்மடங்கு வலுவாகச் சுருக்கும் லூக்கோட்ரையீன் வரிசையை இந்நொதி தொடங்கிவைக்கிறது. சவ்வில் பதிந்த புரதம் என்பதால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. மூன்று அலகுகள் சேர்ந்த அதன் படிக அமைப்பு 2007-இல்தான் வெளியானது. ஆஸ்பிரினால் மூச்சிரைப்பு கூடும் நோயாளிகளின் மூச்சுக்குழாய்த் திசுவில் இது மிகுந்து காணப்படுவதே, மணலித் தொழிற்சாலைப் புகையை மட்டும் குறைசொல்லி நிறுத்திக்கொள்ளாமல் (அதுவும் குறைய வேண்டியதுதான்) இந்நொதியையும் நான் தொடர்ந்து ஆராய்வதற்குக் காரணம்.