காய் இங்கே, விதை மலையிலே: கொங்கு மண்ணில் மரபு நூக்கோல்

மரபு விதை சேகரிப்போரிடம் ஒரு பெருமிதம் உண்டு. நல்ல விதை ஒருமுறை கைக்கு வந்து சேர்ந்துவிட்டால், அதன் பிறகு ஆண்டுதோறும் நம் வீட்டிலேயே விதையெடுத்துக்கொள்ளலாம் என்பதே அது. அவரை, கத்தரி, சுரை, பீர்க்கு ஆகியவற்றுக்கு இது முழுக்க உண்மை. நூக்கோலுக்கு மட்டும் இந்தக் கணக்கு நம் பக்கத்தில் செல்லாது. அவிநாசிக்கு அருகே எங்கள் வீட்டுப் பொடக்காலியை ஒட்டிய பாத்திகளில் பல பருவங்களாக இதை வளர்த்துவருகிறேன். உண்பதற்கு ஏற்ற காயாக நன்றாகவே திரள்கிறது. பூத்து விதை பிடிப்பதில்லை.

என்னிடம் இருப்பவை ஒயிட் வியன்னா, பர்ப்பிள் வியன்னா என்னும் இரண்டு பழைய ரகங்கள். இரண்டும் ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டிலேயே விதை வணிகர்களின் பட்டியல்களில் இடம்பெற்றவை. ஆகவே இவற்றை நாட்டுக் காய் என்று சொல்ல மாட்டேன். வீரிய ஒட்டு ரகங்கள் வருவதற்கு முன்பிருந்தே தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டுவரும் ரகங்கள் என்பதே சரி. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்குச் சென்று, பின்னர் அங்கே ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிடச் செய்தபோது, அந்த மலையும் கோவை மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. அங்கே விளைந்து மேட்டுப்பாளையம் மண்டி வழியாகக் கீழே இறங்கும் மலைக்காய்களில் நூக்கோலும் ஒன்று.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற சொலவடையை இந்தப் பயிருக்குப் பொருத்தக் கூடாது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று இளநாற்றுகளை அலைக்கழித்து மண்ணையும் உலர்த்திவிடும். அந்த மாதத்தில் விதைத்தால், காய் திரளும் புரட்டாசியில் வெயிலும் குறைந்திருக்காது. நூக்கோலுக்கு 15 முதல் 25 டிகிரி வரையிலான வெப்பம் உகந்தது. விதைத்த நாளிலிருந்து வெள்ளை ரகம் ஏறத்தாழ 55 முதல் 60 நாட்களில் அறுவடைக்கு வரும். ஊதா ரகம் சற்றுப் பிந்தும். ஆகவே திரளும் காலம் மார்கழியிலும் தையிலும் விழும்படி பின்னோக்கிக் கணக்கிட்டு, ஐப்பசியின் பிற்பகுதியில் நாற்றுவிடுகிறேன். வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்யும் நாட்கள் அவை என்பதால், நாற்றுத்தட்டுகளைத் தாழ்வாரத்தில் வைத்து, நான்கைந்து இலைகள் விட்ட பிறகே பாத்திக்கு மாற்றுவது நல்லது. செடிக்குச் செடி ஒரு சாண் இடைவெளி போதும்.

முள்ளங்கியைப் போல இதுவும் வேரில் திரள்கிறது என்று எண்ணிச் சிலர் மண் அணைக்கிறார்கள். அது தேவையற்ற வேலை. நூக்கோலில் பருப்பது தண்டு. மண்ணுக்கு மேலே, இலைக்காம்புகள் சுற்றிலும் நீட்டிக்கொண்டிருக்க, அது வெளிச்சத்திலேயே திரள வேண்டும். வேர்கள் மேலாகவே பரவுவதால் களைக்கொத்தை ஆழமாக இறக்காமல் கையால் களை பிடுங்கிவிட்டு, நிலக்கடலைத் தொல்லியையோ காய்ந்த இலைகளையோ மூடாக்காகப் போடுகிறேன். எங்கள் செம்மண் விரைவில் காய்ந்துவிடும். நான்கு நாள் வாடவிட்டு ஐந்தாம் நாள் வெள்ளமாக விட்டால் காய் வெடித்துவிடும் என்பதால், குறைவாகவும் அடிக்கடியும் தண்ணீர் விடுவதே சரி. கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யத்தை 3 சதவீதக் கரைசலாகத் தெளிப்பது இங்கே பலருக்கும் வழக்கம். நானும் தெளிக்கிறேன், ஆனால் எண்ணிக்கையைக் குறைத்துத்தான். இலை தழைப்பதைப் பார்த்து மகிழும் ஆசையில் தழைச்சத்தை ஏற்றினால் தண்டு திரளாது.

நார் பற்றியே அதிகம் கேட்கிறார்கள். வெப்பம், வறட்சி, முதிர்ச்சி ஆகிய மூன்றில் எது நேர்ந்தாலும் தண்டுக்குள் மரத்தன்மை ஏறும். அது அடிப்பகுதியில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும். அதனால்தான் தோலை அடியிலிருந்து சீவ வேண்டும், முதிர்ந்த காயில் அடிப்பாகத்தைக் கனமாகவே வெட்டி எறிய வேண்டும். 5 முதல் 7 சென்டிமீட்டர் குறுக்களவு வந்ததும் அறுத்துவிடுவதே இந்த வியன்னா ரகங்களுக்கு ஏற்றது. ‘இன்னும் ஒரு வாரம் விட்டால் பெரிதாகுமே’ என்று என் மாமியார் ஒவ்வொரு தையிலும் சொல்கிறார். பெரிதாகும், ஆனால் அதை மாடுதான் தின்னும்! ஒட்டு ரகங்களைப் போல எல்லாச் செடிகளும் ஒரே வாரத்தில் தயாராகாமல் முன்பின்னாக வருவது வியாபாரிக்குக் குறை. வீட்டுச் சமையலுக்கு அதுவே வசதி.

வைரமுதுகு அந்துப்பூச்சியையும் அசுவினியையும் திசைதிருப்ப, நடவுக்கு இரண்டு வாரம் முன்பே வரப்போரத்தில் கடுகு தூவுகிறேன். மிஞ்சுபவற்றுக்கு 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் போதுமானதாக இருக்கிறது. இளம் இலைகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. காஷ்மீரில் தண்டையும் இலையையும் சேர்த்தே சமைக்கிறார்கள். நான் பாசிப்பருப்பும் தேங்காய்த் துருவலும் சேர்த்துப் பொரியல் செய்கிறேன். ஊதாக் காயில் அந்த நிறம் தோலோடு சரி, சீவியபின் இரண்டும் வெள்ளைதான்.

இனி விதை. நூக்கோல் ஈராண்டுத் தாவரம். தண்டில் உணவைச் சேர்த்துவைத்து, 10 டிகிரிக்குக் குறைவான குளிரைச் சில வாரங்கள் கடந்த பிறகே பூக்கும். கோவை, திருப்பூர்ப் பக்கத்து மார்கழி இரவுகள் பெரும்பாலும் 15 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. எனவே உதகைக்கு அருகே குடியிருக்கும் என் நாத்தனார் வீட்டில், ரகத்துக்கு ஓர் ஆண்டு என முறைவைத்துச் சில செடிகளை அறுக்காமல் விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலான செடிகள் தம் மகரந்தத்தால் தாமே கருவுறாதவை. ஒன்றிரண்டை மட்டும் விட்டால் பயனில்லை. முட்டைக்கோஸ், காலிபிளவர் ஆகியவையும் இதே இனம் என்பதால் தேனீக்கள் வழியே கலப்பு நேரும். மலைத்தோட்டங்களில் முட்டைக்கோஸ் பூப்பதற்கு முன்பே அறுவடையாகிவிடுவது நமக்குச் சாதகம். அறுக்காமல் கைவிடப்பட்டுப் பூக்கும் பாத்தி அருகில் இருக்கிறதா என்பதை மட்டும் நாத்தனார் பார்த்துக்கொள்கிறார். பழுப்பேறிய நெற்றுகளைக் கொத்தாக வெட்டி நிழலில் உலர்த்தினால் கடுகளவு விதைகள் கிடைக்கும். ஈரம் படாமல் குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் 3, 4 ஆண்டுகள் முளைப்புத்திறன் குறையாது. அதனால் இரண்டு ரகங்களுக்கும் ஆண்டுதோறும் மலையை நாட வேண்டிய தேவை எழுவதில்லை.